டாக்டருக்குப் பதில் அரிசி

போன மாதம் பழைய கராஜுக்குப் போயிருந்தேன். பெடியள் பந்தயக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் கீழே நான்கு தட்டையான பலகைகளை வைத்து, வயரை மடிக்கணினியில் செருகி, ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று பார்த்துவிட்டார்கள். ஓய்வு பெற்றவனை மரியாதைக்குக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள், வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் எனக்கு நாக்கு நிற்காது. "இதை நாங்கள் அரிசித் தராசில நிறுத்தனாங்கள்" என்று சொல்லிவிட்டேன். அதோடு பிடித்துக்கொண்டார்கள். "அங்கிள், அதை எழுதித் தாங்கோ, எங்கட மலரில போடுவம்" என்று ஒரே கரைச்சல்.

சரி, எழுதுகிறேன். ஆனால் வென்ற கோப்பைகளைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். நாங்கள் ஓடாமல் விட்ட ஒரு பந்தயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து துறைமுகத்தில் கிளார்க் வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூடம் முடித்து பஸ் டிப்போ ஒன்றில் ஆறு வருடம் தகட்டு ஸ்பிரிங் கழற்றிப் பூட்டினேன். படித்தது கொஞ்சம், முதுகு போனது மிச்சம். அதன் பிறகுதான் ஜவாஹிர் நானாவின் கராஜுக்குப் போனேன்; நானா என்றால் முஸ்லிம்களிடம் அண்ணன். ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள், முருகன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் அது இருந்தது. கொழும்பில் பந்தயக் கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் காரின் கால்களுக்கு நோவு என்றால் அங்கேதான் வருவார்கள்.

நானா என்னிடம் சேர்ட்டிபிக்கற் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நின்ற காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்திவிட்டுச் சட்டென்று எடுத்தார்.

"எத்தின தரம் ஆடிச்சு?"

"ஒண்டரை."

"ஒண்டரையா, ஒண்டே முக்காலா?"

நான் திரும்ப அமத்திப் பார்த்தேன். "ஒண்டே முக்கால், நானா."

"நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

இருபத்திரண்டு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். ஒருநாளும் சத்தம் போட்டு ஏசியதில்லை. பிழை செய்தால் பக்கத்தில் வந்து நின்று, நாங்கள் பிழை விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அதைவிட இரண்டு அறை தந்திருக்கலாம் என்று இருக்கும்.

எங்களுடைய முக்கியமான கார் நுகேகொடையில் இருந்த ஒரு பல் டாக்டருடையது. சிங்கள மனிதர். கிழமை நாட்களில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை மணிக்கு இருநூறு கிலோமீற்றரில் பறப்பார். நோயாளிகளிடம் கதைப்பதற்காகப் பழகிய நாலைந்து சொல்தான் அவருடைய தமிழ்: "ஆ காட்டுங்க", "வலிக்குதா", "துப்புங்க". மற்றபடி எங்களோடு சிங்களந்தான். காரில் என்ன குறை என்றாலும் பல்லை வைத்தே விளக்குவார். ஒருமுறை ஓடிவிட்டு வந்து, "பின்பக்கம் ஆடுற பல்லு மாதிரி இருக்கு, வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடுது" என்றார். நானா அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "பல்லு ஆடினா முரசத்தானே பாக்கணும்" என்றார். முரசு, அதாவது பல் ஈறு, என்று அவர் சொன்னது ரப்பர் புஷ்ஷை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை காரின் உடம்போடு சேரும் இடத்தில் அந்த ரப்பர் வளையம் இருக்கும். அது பழுதானால் சக்கரம் நேரே நிற்காது. திறந்து பார்த்தோம், புஷ் கிழிந்துதான் இருந்தது.

இனி அரிசிக் கதைக்கு வருகிறேன். வேகமாக ஓடுகிற கார் வளைவில் புரண்டு போகாமல் இருக்க வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் பாரத்தைச் சரியாகப் பங்குபோட வேண்டும். முன் இடதையும் பின் வலதையும் கூட்டிய நிறை, முன் வலதையும் பின் இடதையும் கூட்டிய நிறைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். அதற்கு நான்கு தராசு வேண்டும், ஓட்டுகிறவரும் உள்ளே இருக்க வேண்டும். புறக்கோட்டையில் நானாவுக்குத் தெரிந்த ஓர் அரிசி வியாபாரி இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவர் கடை பூட்டியதும் மூட்டை நிறுக்கும் நான்கு மேடைத் தராசுகளும் எங்களிடம் வரும். டாக்டருக்குச் சனிக்கிழமை நோயாளிகள் அதிகம், வரமாட்டார். அதனால் எழுபத்து நான்கு கிலோ அரிசியைச் சீற்றில் இருத்தி, பெல்ற்றும் போட்டுவிடுவோம். பந்தயம் முடிந்த பிறகு அந்த அரிசி நானா வீட்டில் புரியாணியாகும், டாக்டரும் வந்து சாப்பிடுவார். தன்னைத் தானே சாப்பிடுகிற மனிதர் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

நானாவிடம் இரண்டு சட்டம் இருந்தது. ஒரு நட்டை முழுதாக இறுக்கி முடித்தால் அதன்மேல் நகப்பூச்சில் ஒரு கீறு. அவருடைய மகள் வேண்டாமென்று போட்ட ரோஸ் நிறப் போத்தல் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். இறுக்கி முடியாத நட்டில் ஒரு சிவப்புத் துணி. "தேத்தண்ணி குடிக்கப் போனாலும் துணியக் கட்டிட்டுப் போ. மவுத்து செல்லிட்டு வாரதில்ல" என்பார். சாவு சொல்லிக்கொண்டு வராது என்று அர்த்தம்.

நான் அப்போது கொஞ்சம் பெரிய ஆளாகிவிட்டேன் என்று எனக்கொரு எண்ணம். துணி கட்டுவது படிக்காத வேலை என்று நினைத்தேன். நான் கொப்பி வைத்திருந்தேன். ஒவ்வொரு காருக்கும் ஒரு பெட்டி, நான்கு வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் நிறை, எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருப்பேன். நானா அதைப் பார்த்துச் சிரிப்பார். "கொப்பி நட் இறுக்காது தம்பி."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சண்டை உச்சத்தில் இருந்தது. கொழும்பில் எந்தத் தெருவிலும் எந்த லொறியும் வெடிக்கலாம் என்று சனம் பயந்த காலம். நான் கல்யாணம் செய்து வெள்ளவத்தையில் குடியிருந்தேன். வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வாசல் படலையைத் தாண்டுவேன்.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் நடக்க இருந்தது. டாக்டர் அதில் முதலாவதாக வரவேண்டியதில்லை, ஓடி முடித்தாலே அந்த வருடத்துச் சம்பியன். பதினாறு வருடமாக அவர் ஆசைப்பட்ட பட்டம் அது.

சனிக்கிழமை வழமைபோல நிறுத்தோம். நட்டுகளை இறுக்கி, நகப்பூச்சும் பூசியாயிற்று. நானா தராசுகளை ஒப்படைக்கப் புறக்கோட்டைக்குப் போனார். நான் தனியே இருந்து கொப்பியைப் பார்த்தேன். குறுக்குக் கணக்கில் ஆறு கிலோ வித்தியாசம் இடித்தது. காரைச் சுற்றிப் பார்த்ததில் பின் வலது பக்கத்துப் புதுப் புஷ் முறுகி நிற்பதுபோல் தெரிந்தது. பாரம் இருக்கும்போது ரப்பர் தன் இடத்தில் நிற்க வேண்டும், முறுகியபடி இறுக்கினால் அந்தப் பக்கத்தை அது தூக்கிப் பிடிக்கும். ஆகவே அந்தப் புஷ்ஷைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றி, காரை நாலு தரம் குலுக்கி, கையால் மட்டும் இறுக்கிவிட்டேன். விடியும்வரை அரிசி மூட்டையோடு நின்றால் ரப்பர் தானாக இடத்துக்கு வந்துவிடும், காலையில் நானே முதல் ஆளாக வந்து இறுக்குவேன் என்று திட்டம். "பி.வ. நட் கையிறுக்கம் மட்டும்" என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

துணி கட்டவில்லை. என்னைத் தவிர வேறு யார் தொடப்போகிறார்கள் என்ற எண்ணந்தான். நட்டில் பழைய நகப்பூச்சும் அப்படியே இருந்தது.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டேன். காலி வீதி என்ற பெருந்தெருவின் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அட்டை சரி, பதிவுத் துண்டு சரி. பிறகு பையைத் திறந்தார்கள். கொப்பி வந்தது.

இப்போது எழுதும்போதுதான் எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில், அந்தத் தெருவில், ஒரு தமிழன், வாகனப் படம் வரைந்து மூலைக்கு மூலை கிலோக் கணக்கைத் தமிழில் எழுதிய கொப்பியோடு விடியக்காலையில் நடந்து போகிறான். படித்த மடையன் என்றால் அது நான்தான்.

பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்தினார்கள். எதிரே ஒரு சுவர்க் கடிகாரம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது: யாராவது பிந்தினால் மற்றவர்கள் காத்து நிற்கமாட்டார்கள், அவர் ரயிலில் நேரே வந்துவிட வேண்டும். நான் ரயிலேறியிருப்பேன் என்று நினைத்து நானா காரை லொறியில் ஏற்றியிருப்பார். பத்து மணிக்குப் பரீட்சார்த்த ஓட்டம் தொடங்கும்.

எட்டரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். சிங்களத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"இது என்ன?"

"ரேஸ் கார், சேர்."

"இந்த நூற்றி நாற்பத்தெட்டு?"

"கிலோ, சேர்."

பேனையால் நான்கு வட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். "நடுவில என்ன எழுதியிருக்கு?"

"அரிசி எழுபத்து நாலு."

"காருக்குள்ள அரிசி எதுக்கு?"

"டாக்டருக்குப் பதிலா, சேர்."

அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு, "உன்ர முதலாளி வந்து பொறுப்பெடுத்தா விடலாம். பின்னேரத்துக்குள்ள ஆராவது வருவினம்தானே. அங்க இரு" என்றார். கெட்ட மனிதரில்லை. என்னை நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம். நானா இப்போது காருக்குக் கீழே குனிந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பின் வலதில் நகப்பூச்சு இருக்கும், துணி இருக்காது. அடுத்ததுக்குப் போய்விடுவார். அவருடைய இரண்டு சட்டமும் சேர்ந்து அவருக்குப் பொய் சொல்லப்போகிறது, அந்தப் பொய்யைச் செய்து வைத்தவன் நான். ஓடுபாதையின் நடுவில் கொங்கிறீற் பொருத்துகள் உண்டு, ஒவ்வொன்றிலும் கார் குலுங்கும். ஐந்தாறு சுற்றில் நட் கழன்றுவிடும். நட் போனால் போல்ட் போகும், போல்ட் போனால் பின் சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பும். இருநூறில் போகிற கார் அதற்குப் பிறகு யாருடைய சொல்லையும் கேளாது.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் பின்னேரம் நான் வீட்டில். அந்த நாட்களில் உள்ளே போன எல்லாரும் அன்றைக்கே திரும்பி வந்ததில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு தாய்மார் பிள்ளையைத் தேடிப் பெட்டிசத்தோடு அலைந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பயம். அதை மறைக்க ஒன்றுமில்லை.

எழும்பி மேசைக்குப் போனேன்.

"சேர், அந்தக் கார் ஓடக்கூடாது. ஒரு போன் எடுக்க வேணும்."

"ஏன் ஓடக்கூடாது?"

"ஓடினா டாக்டர் செத்துப்போவார்."

பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கான்ஸ்டபிளின் கை நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் நட்டைக் கழட்டினனான், சேர். பின் வலது பக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது. இன்ஸ்பெக்டர் எழும்பினார். புஷ், ரப்பர், பாரம் என்று நான் என்னவோ விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தொலைபேசியை எடுத்தார். என்னுடைய பெல்ற்றையும் சப்பாத்து நூலையும் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளறையில் போட்டுப் பூட்டினார்கள். அங்கே கடிகாரம் இல்லை. நான் கும்பிடாத தெய்வமில்லை, நானாவுடைய அல்லாஹ்வையும் விடவில்லை.

ஓடுபாதையில் நடந்ததை நானா பிறகு சொன்னதுதான். டாக்டர் ஹெல்மற் போட்டு, பெல்ற் இறுக்கி, எஞ்சினும் இயங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் இரண்டாவது கார். இராணுவ ஜீப் ஒன்று குறுக்கே வந்து நின்றது. டாக்டரை இழுத்து இறக்கினார்கள், சனத்தை எல்லாம் தூரத் தள்ளினார்கள். குண்டு பார்க்கிற ஆட்கள் இரண்டு பேரும் ஒரு நாயும் வந்தார்கள். நாய் சீற்றுக்குள் சிந்திக் கிடந்த அரிசியை மணந்து தும்மிவிட்டு இறங்கிவிட்டது. பிறகு ஒரு கோப்ரல் பின் வலது பக்கம் தவழ்ந்து போய் நட்டில் இரண்டு விரல் வைத்தார். அது சுழன்றுகொண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"எனக்கு அப்பவே வெளங்கிட்டு" என்றார் நானா. "இது குண்டுக்காரன்ட வேல இல்ல, எங்கட கழுதட வேல."

விஷயம் விளங்கியதும் ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். நேரம் இருந்தது. ஒரு ஸ்பனர், இரண்டு நிமிடம், டாக்டர் ஓடிச் சம்பியனாகியிருக்கலாம். நானா ஸ்பனரை எடுத்தாராம். டாக்டர், "ஞானம் எங்கே?" என்று என்னைப் பற்றிக் கேட்டாராம். வெள்ளவத்தைப் பொலிஸில் என்று செய்தி கொண்டுவந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் புல்லில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றினார். "லொறியில ஏத்துங்க" என்றார்.

என்னை வெளியே கொண்டுவந்தபோது பின்னேரம் இரண்டு மணி. டாக்டர் பந்தய உடுப்போடு நிற்கிறார், பக்கத்தில் நானா. நானா என்னைப் பார்க்கவில்லை. நட்டை இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்தார்.

"இவர்தான் கழட்டினாராம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓம் சேர், அவன்தான். அவன்தான் இறுக்கவும் வேணும். அதுக்குத்தான் கார வாசலுக்குக் கொணந்தீக்கிறம்."

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் திருப்பி டாக்டருக்குக் காட்டினார். "நடுவில அரிசி என்று இருக்கே, அது என்ன?"

"அந்த அரிசி நான்தான், சேர்" என்றார் டாக்டர்.

"எத்தனை கிலோ?"

"எழுபத்து நாலு. இப்ப எழுபத்தாறு வரும்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். நட்டை எடுத்து என் கையில் தந்தார்.

பொலிஸ் முற்றத்திலே, லொறிக்கு மேலே நின்ற காரில் டாக்டர் ஏறி உட்கார்ந்தார். பாரம் உள்ளே இருக்கும்போதுதானே இறுக்க வேண்டும். கான்ஸ்டபிள்மார் சுற்றி நின்று பார்த்தார்கள். நட் இரண்டு தரம் பிசகியது. மூன்றாம் தரம் பிடித்து, ஸ்பனர் 'டிக்' என்று சொல்லும்வரை இறுக்கினேன். தலையை நிமிர்த்தினால் டாக்டர் சீற்றிலிருந்து திரும்பி என்னைப் பார்க்கிறார்.

"வலிக்குதா?" என்று தமிழில் கேட்டார்.

"கொஞ்சம்."

"துப்புங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவன் அழுதுவிட்டேன்.

டாக்டர் அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஓடினார், அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் கதைத்ததில்லை. கொப்பி மூன்று கிழமைக்குப் பிறகு, பக்கத்துக்குப் பக்கம் பொலிஸ் முத்திரையோடு திரும்பி வந்தது. பந்தய நாட்களில் நான் கராஜுக்குத் தனியே போவதும் அன்றோடு நின்றது. லொறி என் ஒழுங்கை வாசலுக்கே வரும், டாக்டரும் நானாவும் இறங்கி என்னை நடுவில் ஏற்றிக்கொள்வார்கள். டாக்டர் ஓட்டத்தை விடும்வரை அதுதான் என் இடம்.

அன்று பின்னேரம் வீடுவரைக்கும் நானாதான் கூட்டிப்போனார். லொறிக்குள் சட்டைப் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து என் மணிக்கட்டில் கட்டினார்.

"பயமா ஈந்திச்சா?"

"ஓம், நானா."

"செல்லாம ஈந்தா நோவு இல்லாம ஊட்டுக்குப் போயீப்பாய்."

"ஓம்."

"கழுத" என்றார். ஆனால் துணியின் முடிச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் என்னை மறித்த அதே சாவடி. காவலுக்கு நின்ற அதே பெடியன் என் கையைப் பார்த்துவிட்டு, அது என்ன துணி என்று கேட்டான். நானா அவனைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "இன்னும் முடியாத வேலை, மல்லி. வீட்டில கொண்டுபோய் விட்டாத்தான் முடியும்" என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கையைக் காட்டி விட்டுவிட்டான்.

படலையில் என் மனைவி நின்றாள். விடிய ஐந்து மணிக்குப் போனவனுடைய சேதியை மத்தியானம் யாரோ சொல்லி, அப்போதிருந்து அங்கேயே நின்றிருக்கிறாள். அவளுக்கு முன்னால் நானா துணியை அவிழ்த்தார். பிறகு நகப்பூச்சுப் போத்தலை எடுத்து என் கையைப் பிடித்து, பெருவிரல் நகத்தில் குறுக்காக ஒரு கீறு போட்டார். மூடியைத் திருகிவிட்டு, லொறிக்குத் திரும்பிப் போனார்.

"என்னப்பா இது கோலம்?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நகம் வளர்ந்து அந்தக் கீறு நுனிக்கு வர நாலு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை நான் அதைச் சுரண்டவில்லை.